பேசாத சிலிண்டர் எது?

திருகோணமலைப் பக்கம் கப்பல்துறையில் வீதியோரக் கராஜ் ஒன்றுக்குக் காலையிலேயே ஒரு பழைய கெப் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பக்கக் கண்ணாடியில் தெரியும் வீதி நடுங்குகிறது. கியர்க் கம்பு தன்பாட்டில் தலையாட்டுகிறது. சைலன்சர் வாயிலிருந்து வரும் ‘டப் டப் டப்’ வரிசையில் மாறாத இடைவெளியில் ஒரு சத்தம் விட்டுப்போகிறது. “அண்ணன், வண்டி கிடந்து உதறுது. ஒருக்காப் பாருங்க” என்கிறார் வந்தவர். பொனட்டைத் திறக்கும் முன்பே மெக்கானிக் சொல்லிவிடுகிறார்: “மிஸ் அடிக்குது.”

எதைக் கேட்டு அப்படிச் சொன்னார்? அடுத்து எதைச் செய்ய வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இயற்பியலில் இருக்கிறது. அந்த விடையைத் தெரிந்துகொள்வதால் இன்றைய இலங்கையில் பெருந்தொகை மிச்சமாகலாம்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் மீன்பெட்டியையும் சீமெந்து மூட்டையையும் நெல்லையும் சுமந்தவை ஏற்கனவே தீவில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள்தாம். அவற்றுள் 2எல், 3எல், 5எல் என்று எஞ்சின் பெயராலேயே அழைக்கப்படும் டீசல் ஹைலக்ஸ் கெப்கள் முக்கியமானவை. 2446, 2779, 2986 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, நான்கு சிலிண்டர், எரிபொருளை அளந்து கொடுக்க முற்றிலும் இயந்திரவகைப் பம்ப். கணினி கிடையாது, கோளாறு இலக்கம் காட்டும் செருகியும் கிடையாது. ஆகவே இந்த எஞ்சினின் நோயைக் காதாலும் கண்ணாலும் கையாலும் ஒழுங்கான தர்க்கத்தாலும்தான் கண்டுபிடிக்க முடியும். ஊகத்தில் பம்பை மாற்றி, சரிவராமல் நொசிலை மாற்றி, அதுவும் சரிவராமல் ஹெட்டைக் கழற்றுவது வண்டிக்காரருக்கு மாதக்கணக்கான உழைப்பை விழுங்கும் வழி.

முதலில் அந்த உதறலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 தடவை சுற்றுகிறது. நான்கடிப்பு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. அப்படியானால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 350 தடவை. நான்கும் சேர்ந்து 1400 தடவை. செக்கனுக்குச் சொன்னால் 23 உந்தல்கள். இவ்வளவு வேகமான அதிர்வை எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்டுகள் பெருமளவு விழுங்கிவிடும். இருக்கையில் இருப்பவருக்கு மெல்லிய முணுமுணுப்பு மட்டுமே வரும்.

ஒரு சிலிண்டர் எரிவதை நிறுத்தினால் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு நான்காவது உந்தலும் காணாமற்போகிறது. அந்த வெற்றிடம் செக்கனுக்கு ஏறத்தாழ ஆறு தடவை திரும்பத் திரும்ப வருகிறது. இவ்வளவு மெதுவான அசைவை அந்த றப்பர்களால் தடுக்க முடியாது. அப்படியே சட்டகத்துக்குக் கடத்திவிடும். மேலும், செக்கனுக்குச் சுமார் 4 முதல் 8 வரையான மேல்கீழ் அதிர்வைத்தான் மனித உடல் மிகக் கூர்மையாக உணர்கிறது. எஞ்சினின் பலத்தில் கால்பங்குதான் குறைந்திருக்கும்; முழு வண்டியும் நோயில் விழுந்ததுபோல் தோன்றும். மெக்கானிக்கின் காது பிடித்தது இந்த ஆறின் தாளத்தை.

தாளம் ஒழுங்காக விட்டுப்போனால் ஒரு சிலிண்டரில் குறை. ஒழுங்கில்லாமல், சிலநேரம் ஏறி சிலநேரம் இறங்கி, மூச்சுத் திணறுவதுபோல் ஓடினால் நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் குறை. எரிதல் சீராகவே இருந்து வண்டியின் உடல் மட்டும் நடுங்கினால், கிழிந்த மவுண்ட் றப்பரைப் பார்க்க வேண்டும். எஞ்சினில் கைவைக்க வேண்டியதே இல்லை. ஒரு நிமிடம் சைலன்சர் அருகே நின்று கேட்டால் இந்த முதல் பிரிவினையைச் செய்துவிடலாம்.

அடுத்த படியில் ஒரு ஸ்பனர் வேண்டும். பம்பிலிருந்து ஒவ்வொரு நொசிலுக்கும் மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று போகிறது. எஞ்சின் ஓடும்போதே, நொசில் முனையில் இருக்கும் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் டீசல் அங்கேயே கசிந்து, அந்தச் சிலிண்டர் பட்டினியாகும். நல்ல சிலிண்டர் என்றால் ஓட்டம் உடனே தளர்ந்து, உதறல் கூடும். நட்டை இறுக்கி அடுத்ததற்குப் போக வேண்டும். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை. நான்கையும் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கசியும் டீசலைத் துணியால் ஏந்த வேண்டும், கண்ணுக்குக் காப்புப் போட வேண்டும், சூடான எக்ஸோஸ்ட் குழாயில் படாமல் பார்க்க வேண்டும். நொசில் வாயிலிருந்து பாயும் தாரைக்கு நேராக விரலை ஒருபோதும் நீட்டக்கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

பழைய கைகள் இதைவிட எளிய வழியும் வைத்திருக்கின்றன. இரவு முழுக்க ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் எக்ஸோஸ்ட் கிளைகள் நான்கிலும் ஆளுக்கொரு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். மூன்றில் தண்ணீர் கொதித்து மறையும். நான்காவதில் அப்படியே வழிந்தால், அங்கே நெருப்பு எரியவில்லை.

இன்றைய கணினி வண்டிகளும் அடிப்படையில் இதையேதான் செய்கின்றன. கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கணினி அளக்கிறது. எரியாத சிலிண்டரின் முறை வரும்போது தண்டு ஒரு கணம் சோர்ந்துபோகும். பல் வந்துசேரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை எண்ணித்தான் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கராஜில் ஸ்கேனரைச் செருகி ஒவ்வொரு நொசிலாக நிறுத்திப் பார்ப்பதும் நட்டைத் தளர்த்தும் அதே பரிசோதனைதான். கருவி புதிது, கேள்வி பழையது.

பேசாத சிலிண்டர் இரண்டாவது என்று தெரிந்துவிட்டது என்போம். ஏன் பேசவில்லை?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தியே அதைச் சூடேற்றுகிறார்கள். ருடோல்ப் டீசல் 1890களில் நிறுவிக்காட்டிய வழி இது. 2எல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ 22 மடங்கு சுருங்குகிறது. ஓடிச் சூடான எஞ்சினில் அழுத்தத்தின் முடிவில் காற்றின் வெப்பம் 600 பாகை செல்சியஸை நெருங்கும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 பாகை அளவே போதும் என்பதால் நிறைய மிச்சம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் செக்கனின் ஆயிரத்தில் ஒருசில பங்கு. அதற்குள் எரிபொருள் மூடுபனிபோல் சிதறி, ஆவியாகி, காற்றோடு கலக்க வேண்டும். ஆகவே ஒரு சிலிண்டர் எரிய மூன்று நிபந்தனைகள் உண்டு: காற்று போதிய அளவு அழுந்திச் சூடாக வேண்டும், எரிபொருள் சரியான அளவில் பனியாக வர வேண்டும், இரண்டும் சரியான கணத்தில் சந்திக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாதபோது, மூன்றில் எது உடைந்தது என்று தேடத் தொடங்குவதற்குப் பரிசோதனை ஒன்று உண்டு.

இரண்டாவதன் நொசிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதன் நொசிலை இரண்டாவதிலும் பூட்ட வேண்டும். அடியிலுள்ள வாசர்களைப் புதிதாகப் போட வேண்டும். மறுபடி நட்டுச் சோதனை. இப்போது மூன்றாவது எரியவில்லை என்றால் குற்றவாளி நொசில்; நோய் அதனோடு இடம்பெயர்ந்துவிட்டது. இன்னும் இரண்டாவதே எரியவில்லை என்றால் நொசில் நிரபராதி. அந்தச் சிலிண்டரின் அழுத்தத்தையோ, பம்பிலிருந்து அதற்கு வரும் வழியையோ பார்க்க வேண்டும். புதுப் பாகம் ஒன்றுகூட வாங்காமல் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைகிறது.

நொசிலைக் குறைசொல்வதற்கு முன் அது செய்யும் வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும். நின்ற ஓட்டத்தில் ஒருமுறைக்கு அது தெளிப்பது சுமார் பத்துக் கன மில்லிமீற்றர் டீசல், அதாவது ஒரு தண்ணீர்ச் சொட்டின் ஐந்தில் ஒரு பங்கு. அதை வளிமண்டலத்தைப்போல் 100 மடங்குக்கு மேலான அழுத்தத்தில் தெளிக்கிறது, நிமிடத்துக்கு 350 தடவை, ஆண்டுக்கணக்காக. ஊசிமுனையும் அதன் இருக்கையும் தேய்ந்தால் பனிக்குப் பதில் சொட்டு விழும். சொட்டு தாமதமாகப் பற்றி, பற்றும்போது ஒரேயடியாக வெடிக்கும். ஆணி அடிப்பதுபோன்ற ‘கட கட’ சத்தமும் கரும்புகையும் அதன் அடையாளங்கள். கைப்பம்போடு கூடிய நொசில் டெஸ்டரில் பூட்டி அடித்தால், பனியா சொட்டா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நான்கு சிலிண்டரும் சேர்ந்து திணறும் வண்டிக்கு வழி வேறு. அங்கே முதல் சந்தேகம் காற்றின்மேல் விழ வேண்டும். “எயார் எடுக்குது” என்று கராஜில் சொல்வது இதைத்தான். பழைய கெப்பில் தாங்கியிலிருந்து டீசலை இழுப்பது பம்பின் உள்ளிருக்கும் சிறு சுழலிதான். இழுக்கும் வழியில் றப்பர்க் குழாய் வெடித்திருந்தாலோ, பில்டர் தலையிலுள்ள கைப்பம்பின் சவ்வு கிழிந்திருந்தாலோ டீசல் வெளியே ஒழுகாது; காற்று உள்ளே போகும். அதனால்தான் நிலத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்கிறது.

ஒரு குமிழி ஏன் எஞ்சினையே நிறுத்துகிறது? 120 வளிமண்டல அழுத்தத்தில் டீசல் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. காற்றோ 120இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பம்ப் தள்ளும் அந்தச் சொட்டின் ஐந்திலொரு பங்கு முழுவதும் குமிழியை நெரிப்பதிலேயே செலவாகிப்போகும். நொசிலைத் திறக்கும் அழுத்தம் எழாது. பம்புக்குப் போகும் குழாயில் ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பூட்டி ஓடவிட்டால் குமிழிகள் கண்முன்னே ஓடும். பம்பைக் கழற்று என்று யாராவது சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர். இதை விளக்கக் கப்பல்துறைக்கு அயலிலேயே பெரிய உதாரணம் நிற்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப்போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் பயன்படுத்திய எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியிருக்கின்றன. எந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கியிலும் அடியில் தண்ணீர் சேரும். அடிக்குழாய் வழியே அதை அவ்வப்போது வடித்தாக வேண்டும். டீசலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் 0.82 முதல் 0.86 பங்குதான் என்பதால் தண்ணீர் எப்போதும் கீழே போகும். கெப்பின் பில்டருக்குக் கீழேயுள்ள கிண்ணமும் அதன் வடிதிருகும் அதே ஏற்பாட்டின் கைக்கடக்கமான வடிவம்.

பாதி காலியான தாங்கி மூச்சுவிடுகிறது. பகலில் சூடாகிக் காற்றை வெளியேற்றும். இரவில் குளிர்ந்து, கடலோரத்தின் ஈரக்காற்றை உள்ளிழுக்கும். ஒக்டோபரில் மழை தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் முழுக்க அந்த ஈரம் தாங்கிச் சுவரில் வியர்த்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சையும் வளரும். ‘ஹோர்மோகோனிஸ் ரெசினே’ என்ற பூஞ்சை எரிபொருளையே தின்று வாழ்வதில் பெயர்பெற்றது. அதன் கரிய வழுவழுப்புப் பில்டரை அடைக்கும். நின்ற ஓட்டத்தில் நன்றாக இருந்து, பாரம் ஏற்றிக் கந்தளாய்ப் பக்கம் போகும்போது மட்டும் இழுவை செத்துத் திணறும் வண்டிக்கு அடைபட்ட பில்டரே பெரும்பாலும் காரணம். டீசல் அதிகம் தேவைப்படும்போதுதான் அடைப்பு தன்னைக் காட்டும்.

2022இன் எரிபொருள் நெருக்கடி இந்தக் கோளாறுகளுக்கு இன்னொரு வாசலைத் திறந்தது. அவ்வாண்டு ஜூன் 27ஆம் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. கிடைத்ததைக் கானிலும் பீப்பாயிலும் சேர்த்துவைப்பது அந்த நாட்களில் மக்களுக்கு வேறு வழியில்லாத காரியம். மூடி சரியாக மூடாத கான் வழியாகத் தண்ணீரும் மண்ணும் வண்டித் தாங்கிக்குள் போகும். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு உயர்த்தப்படும்வரை, 430 ரூபாய் டீசலுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு விலையில் இருந்தது. டீசலோடு கலக்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடிய இடைவெளி அது. ஆனால் இந்தப் பம்புக்குத் தனியாக மசகெண்ணெய் கிடையாது. தன்னுள் ஓடும் டீசலையே மசகாகக் கொண்டு அது உயிர்வாழ்கிறது. அதன் உந்துதண்டுக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது; அந்த இடுக்கில் படலமாக நிற்காது. உலோகத்தில் உலோகம் உரசும். லீற்றருக்கு மிச்சம் பிடித்த பணம் பம்பின் தேய்மானமாகப் பிறகு வட்டியோடு கழியும்.

காலையில் மட்டும் உதறி, வெள்ளைப்புகை கக்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிடும் வண்டிக்குப் பம்பும் நொசிலும் பெரும்பாலும் காரணமல்ல. 2எல் குடும்ப எஞ்சின்களில் டீசல் நேரே பிஸ்டன்மேல் விழுவதில்லை. ஹெட்டிலுள்ள சிறு சுழல்கிண்ணத்தில் விழுகிறது. 1930களில் ஹாரி ரிக்கார்டோ பரவச்செய்த அமைப்பு இது. குளிர்ந்த நிலையில் கிண்ணத்தின் சுவர் வெப்பத்தை உறிஞ்சிவிடும். அதை ஈடுசெய்யத்தான் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு ஹீட்டர் பிளக் செந்தணலாகக் காய்கிறது. ஒன்று கருகினால் திருகோணமலை போன்ற வெக்கையான ஊரில்கூட அந்தச் சிலிண்டர் முதல் சில நிமிடம் பற்றாது. எரியாத டீசல் வெண்பனியாக வெளியேறி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். இணைப்புத் தகட்டைக் கழற்றி, பற்றரியும் ஒரு சிறு பல்பும் கொண்டு ஒவ்வொரு பிளக்கையும் சோதிக்கலாம். உப்புக்காற்றுப் பிடித்த இணைப்புத் தகடே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. அப்போது ஒரு துண்டு உப்புக்கடதாசி வேலையை முடித்துவிடும்.

புகையின் நிறம் எப்போதும் சாட்சி சொல்லும். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு; முதலில் எயார் பில்டரைத் தட்டிப்பார்க்க வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் தீராத வெள்ளையோடு றேடியேற்றரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட் வழியே நீர் சிலிண்டருக்குள் போகிறது. மூடியைத் திறந்துவைத்து ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது றேடியேற்றரில் குமிழிகள் கொப்பளித்தால் அது உறுதி.

இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருப்பது அழுத்தம். ஹீட்டர் பிளக்கின் துளையில் அளவுமானியைப் பூட்டி ஸ்டார்டரால் சுழற்றினால் 2எல் எஞ்சினில் நல்ல நிலையில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ காட்ட வேண்டும். 20க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கிடையே 5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோதான் ஹெட்டைக் கழற்றுவதில் நியாயம் உண்டு. நான்கும் சமமாக நல்ல அளவைக் காட்டி, டீசலும் சுத்தமாக வந்து, இன்னும் திணறினால் மூன்றாவது நிபந்தனையான நேரம் பிசகியிருக்கலாம். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று அடையாளக் கோடுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோலில் ஓடும் பழைய கெப்களில் தர்க்கம் மாறுவதில்லை, பெயர்கள்தாம் மாறும். நட்டுக்குப் பதில் பிளக் வயர். காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டம் குறைகிறதா என்று கேட்க வேண்டும். மழைக்கால இரவில் விளக்கை அணைத்துப் பொனட்டைத் திறந்தால், வெடித்த வயரிலிருந்து நீலப்பொறி எஞ்சின் உடலுக்குத் தாவுவது இருட்டில் தெரியும். காபரேட்டருக்குக் கீழுள்ள கேஸ்கட் காற்றை விட்டால் நின்ற ஓட்டத்தில் மட்டும் உதறி, வேகத்தில் தெளியும்.

இந்தச் சோதனைகளின் வரிசை தற்செயலானதல்ல. காது, ஸ்பனர், தெளிவான குழாய், வடிதிருகு, பல்பு ஆகியவற்றுக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. நொசில் டெஸ்டரும் அழுத்தமானியும் கொஞ்சம் கூலி கேட்கும். பம்பையும் ஹெட்டையும் கழற்றுவது பெருஞ்செலவு. ஆகவே கராஜுக்குப் போகும் கெப்காரர்கள் ஒரு விடயத்தை வெட்கப்படாமல் கேட்க வேண்டும்: “அண்ணன், எந்தச் சிலிண்டர் எரியேல்ல? எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?” நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், ஸ்பனரை எடுத்து நட்டைத் தளர்த்தி, உங்களையே கேட்கச் சொல்வார். பம்பைக் கழற்றச் சம்மதிப்பது அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகாக இருக்கட்டும். இந்த மழைக்காலம் தொடங்கும் முன், பில்டர்க் கிண்ணத்தின் வடிதிருகையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.